கோட்டுக்குள் மூன்று தையல்

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் கவிசாவைத் தெரியாத தமிழ் வீடு குறைவு. அவள் பெரிய படிப்புப் படித்தவளும் இல்லை, அரங்கேற்றம் செய்தவளும் இல்லை. ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்கிறாள். முப்பதை நெருங்குகிறாள். கலியாணப் பேச்சை எடுத்தால் தேநீர் போட எழுந்து போய்விடுவாள். அவள் பெயர் அடிபட்டதற்கு ஒரே காரணம், அவள் பொய் சொல்லமாட்டாள் என்பதுதான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் யன்னல் கண்ணாடி உடைந்த அன்று பிள்ளைகள் எல்லாம் ஒன்றாகக் கத்த, ஆசிரியை கையை உயர்த்தி, "கவிசா சொல்லட்டும்" என்றார். உடைத்தவர்களின் பெயர்களைக் கவிசா சொன்னாள். முதல் பெயர் அவளுடையது. அன்றிலிருந்து "கவிசா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்பது ஒரு வழக்காகிவிட்டது. சிலர் அதைப் பாராட்டாகச் சொன்னார்கள். இந்தப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலு வம்பு பேச முடியவில்லையே என்ற எரிச்சலில் சொன்னவர்களும் உண்டு.

இப்படிப்பட்டவளுக்கு இன்ஸ்பெக்டர் ஹென்ஷாவைப் பிடித்துப்போனதில் என்ன அதிசயம்? ஹென்ஷா ஒரு ஜப்பானியப் படக்கதையில் வருகிறவர். பிறகு அது கார்ட்டூன் தொடராகி, ஜெர்மன் பேசிக்கொண்டு வீட்டுத் தொலைக்காட்சிக்குள்ளும் வந்தது. விக்டோரியா மகாராணி காலத்து லண்டன். எங்கு பார்த்தாலும் பனிமூட்டம், பிரபுக்கள், பிணங்கள். அதற்குள் கசங்கிய பழுப்புக் கோட்டோடு, மேலதிகாரியிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு, யாரிடமும் கை நீட்டாமல் அலைகிற ஒரே பொலிஸ்காரர் அவர். கதாநாயகன் அவர் இல்லை. அது ஓர் இளம் பிரபு. நீல வெல்வெட்டும் வெள்ளிப் பிடி போட்ட கைத்தடியுமாக வந்து, ஹென்ஷாவிடம் நாலு வார்த்தை இனிக்கப் பேசி, தனக்கு வேண்டியதைக் கறந்துகொண்டு போய்விடுவான். ஹென்ஷா ஏமாந்து நிற்பார், அடுத்த முறையும் நம்புவார். மற்றப் பெண் பிள்ளைகள் பிரபுவின் படத்தைச் சுவரில் ஒட்டியபோது கவிசா ஹென்ஷாவை ஒட்டினாள்.

அந்தப் பாத்திரங்களைப் போல உடுத்திக்கொண்டு கூடுகிற விழாக்கள் ஜெர்மனியில் ஊருக்கு ஊர் நடக்கும். கவிசா ஹென்ஷாவாக மீசை ஒட்டிக்கொண்டு போவாள். அவளுடைய மாமன் மகள் பிரபாலினி இளம் பிரபுவாகப் போவாள். மச்சாள்மார் இருவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். "கலியாணம் கட்டுற வயசில மீசை வைச்சுக்கொண்டு திரியிறாள்" என்று கவிசாவின் அம்மா மகாதேவி தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் தம்பியின் மகள் பிரபுவாக வந்து நின்றால் மட்டும் கைபேசியை எடுத்துப் படம் பிடிப்பார். மருமகள் என்றால் அவருக்கு உயிர்.

கவிசா தைக்கப் பழகியது தன் தோளால். சின்ன வயதில் விளையாட்டுத் திடலில் ஏணியிலிருந்து விழுந்து, எலும்பு கூடியபோது வலது தோள் சற்று இறங்கிவிட்டது. கடையில் வாங்கும் கோட்டு எதுவும் அவளுக்கு நேராக நிற்காது. சாறிச் சட்டைக்குப் பிரச்சினை இல்லை, அதற்கு யாழ்ப்பாணத்தில் தையற்காரர் இராயப்பு இருந்தார். வுப்பர்டாலில் பாதிப் பெண்களின் சட்டை அவர் தைத்ததுதான். அளவைத் தொலைபேசியில் சொன்னால் போதும். ஊருக்குப் போய் வருகிற யாராவது ஒருவரின் பெட்டியில், வறுத்த கறித்தூள் பொட்டலத்தோடு சட்டை வந்து சேரும். கவிசாவின் அளவு அவரிடம் நிரந்தரமாக இருந்தது. சொல்லாமலே வலது தோளுக்குள் ஒரு சிறு பஞ்சுத் திண்டு வைத்துத் தைத்துவிடுவார். ஆனால் விக்டோரியா காலத்துப் பொலிஸ் கோட்டுக்கு இராயப்புவைக் கேட்பது கவிசாவுக்குச் சரியாகப் படவில்லை. உடுப்பைத் தானே தைக்க வேண்டும் என்பதுதான் போட்டிகளின் விதி. ஆகவே மெசின் வாங்கி, பிழை பிழையாகத் தைத்து, பிரித்து, மறுபடி தைத்துக் கற்றுக்கொண்டாள்.

பிரபாலினிக்கு அந்தப் பொறுமை கிடையாது. அவள் தொடங்கிய அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி இரண்டும் பாதியில் நின்றன. ஒன்று வங்கியில், மற்றது கண்ணாடிக் கடையில். தொழில் பழகுகிற வயதும் போய்க்கொண்டிருந்தது. இந்த வருடம் அவளுக்கு ஒரு புதிய ஆசை. நாடக அரங்கு ஒன்றின் உடுப்புத் தையற்கூடத்தில் பயிற்சிக்குச் சேர வேண்டும். டுசல்டோர்ஃப் விழாவில் இருவர் இருவராக மேடையேறும் இணைப் போட்டிக்கு நடுவராக வருகிற யூலியா என்ற அம்மாள்தான் அந்தக் கூடத்தின் தலைவி. நல்ல கோட்டு ஒன்றைத் தைத்து அவர் கண்ணில் பட்டால் இடம் கிடைத்த மாதிரித்தான்.

"இந்த முறை நான் தனியத் தைக்கப் போறன் மச்சாள்" என்றாள் பிரபாலினி. "நீ தொடவும் கூடாது, பாக்கவும் கூடாது. விழா அண்டைக்குத்தான் காட்டுவன்."

கவிசாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஒரு நாள் பிரபாலினி விரலில் பிளாஸ்டரோடு வந்தாள், ஊசி குத்திவிட்டதாம். இன்னொரு நாள் கழுத்து நோகிறது என்றாள். கவிசா தைலம் தடவிவிட்டாள். சந்தேகம் என்ற ஒன்று அவள் பக்கமே வரவில்லை. ஹென்ஷாவின் இரசிகை வேறு எப்படி இருப்பாள்?

விழா அன்று உடுப்பு மாற்றும் அறையில் கோட்டைக் கண்டதும் கவிசா கிட்டப் போய்த் தடவிப் பார்த்தாள். நீல வெல்வெட் கழுத்துப்பட்டியில் சுருக்கம் இல்லை. பொத்தான் துளைகள் எல்லாம் கைத்தையல், ஒன்றைப் போல ஒன்று. தான் இத்தனை காலம் தைத்தும் வராத நேர்த்தி இவளுக்கு முதல் கோட்டிலேயே வந்துவிட்டதே என்று ஒரு கணம் பொறாமையும் பட்டாள். பிறகு அந்தப் பொறாமைக்காக வெட்கப்பட்டு மச்சாளைக் கட்டிப்பிடித்தாள்.

மேடைக்கு முன் நடுவர்களிடம் உடுப்பைக் காட்டி, எப்படிச் செய்தோம் என்று விளக்க வேண்டும். "நீ கதை மச்சாள்" என்றாள் பிரபாலினி. "எனக்குப் பதட்டத்தில நாக்குப் பிசகும்." பிறந்ததிலிருந்து ஜெர்மனில் சண்டை பிடிக்கிறவளுக்கு நாக்குப் பிசகுமாம். கவிசா அதையும் நம்பினாள்.

யூலியா மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பொத்தான் துளைகளைப் பார்த்தார். "இது யார் வேலை?" என்று கேட்டார். கவிசா சொன்னாள். பிளாஸ்டர் போட்ட விரலைச் சொன்னாள், கழுத்து நோவைச் சொன்னாள், இரவிரவாக இருந்து தைத்ததைச் சொன்னாள். தன் பழுப்புக் கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவும் மறந்துபோனாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. யூலியா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிரபாலினியிடம், "போட்டி முடிந்ததும் என்னை வந்து பாருங்கள்" என்றார்.

திரைக்குப் பின்னால் வந்ததும் பிரபாலினி மூச்சை விட்டாள். பொத்தான்கள் இழுபட்டன. இடுப்பில் கோட்டு இறுக்கம். மேடையில் பிரபு குனிந்து வணங்க வேண்டும். குனிந்தால் வெடிக்கும்.

"கத்தரிக்கோல் வைச்சிருக்கிறியோ? பக்கத்தில ஒரு தையல் பிரிச்சுவிடு மச்சாள், காணும்" என்றாள்.

கவிசா கோட்டைப் புறம் மாற்றி, உள்துணியின் ஓரத்தை அவிழ்த்தாள். பக்கத் தையலில் ஒன்றுக்கு அருகில் ஒன்றாக மூன்று வரி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் இரண்டு விரல் அகலத்துக்குத் துணி மடித்து விடப்பட்டிருந்தது. ஜெர்மன் வெட்டுப்படத்தைப் பார்த்துத் தைக்கிற எவரும் இப்படித் தைப்பதில்லை. ஒரு வரி ஓட்டி, மிச்சத் துணியை நறுக்கிவிடுவார்கள். உடம்பு வைத்தால் ஒரு தையலைப் பிரித்துவிடலாம் என்று வரிக்கு வரி ஓட்டித் துணியும் விட்டுவைப்பது சாறிச் சட்டை தைக்கிறவரின் கை. உள்துணியிலிருந்து மெல்ல வறுத்த கறித்தூள் மணந்தது.

பிரபாலினி தானாகவே வாயைக் கொடுத்திருந்தாள். தானே தைத்தவளாக இருந்தால், பிரிக்க இரண்டாவது தையல் உள்ளே இருக்கும் என்று நினைத்திருக்கவே மாட்டாள்.

"இது இராயப்பு தைச்சது" என்றாள் கவிசா.

பிரபாலினி கண்ணாடியில் பார்த்தபடி தொப்பியைச் சரிசெய்தாள். "ஓம். அதுக்கு இப்ப என்ன? அரைவாசிப் பேர் வாங்கித்தான் போடுகினம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா நீ அந்த மனுசிக்கு இப்பிடிச் சொல்லியிருப்பியே? உன்ர முகத்தைப் பாத்தா ஆரும் நம்புவினம் மச்சாள். எனக்கு இந்த இடம் வேணும். உனக்கு வேலை இருக்கு."

மச்சாள் பொய் சொன்னதைக் கவிசா பொறுத்திருப்பாள். எத்தனையோ பொய்யைப் பொறுத்திருக்கிறாள். ஆனால் இந்தப் பொய்யைத் தன் வாயால் சொல்ல வைத்துவிட்டாளே என்றுதான் அவளுக்கு உடம்பு கூசியது. கலங்கிய கண்ணும் அந்த முகமும் முழு உண்மை. அந்த உண்மையை எடுத்துத்தான் பொய்க்கு மேலே பூசியிருக்கிறாள். அவளிடம் சொத்து என்று இருந்தது அந்தச் சொல் ஒன்றுதான், அதைக் கேட்காமலே எடுத்துச் செலவழித்துவிட்டாள்.

மீசையைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு அவள் நடுவர் மேசைக்குப் போனாள். "நான் சொன்னது சரியில்லை" என்றாள். "அந்தக் கோட்டை என் மச்சாள் தைக்கவில்லை. எனக்கு இப்போதுதான் தெரியும்." யூலியா நன்றி சொல்லவில்லை. அவளை மேலும் கீழும் பார்த்தார். இவளும் கூட்டுத்தான், பயத்தில் வந்து உளறுகிறாள் என்று அந்தப் பார்வை சொன்னது. போட்டிப் பட்டியலிலிருந்து இருவர் பெயரையும் அடித்துவிட்டார்கள்.

பிரபாலினி கோட்டைக் கழற்றிக் கவிசாவின் காருக்குள் எறிந்துவிட்டு ரயிலில் போய்விட்டாள். கவிசா வீடு வந்து சேருவதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது. மகாதேவி குசினியில் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"சொந்த மச்சாளை ஒரு வெள்ளைக்காரிக்குக் காட்டிக் குடுத்திட்டு வாறாய்" என்றார். "என்ர தம்பியின்ர முகத்தில நான் எப்பிடி முழிப்பன்?"

காட்டிக் கொடுத்தவள். அந்தச் சொல் எங்கள் சனத்துக்குச் சாதாரணச் சொல் இல்லை. யுத்த காலத்தில் அந்தப் பெயர் எடுத்தவர்கள் ஊரைவிட்டுப் போயிருக்கிறார்கள், உயிரைவிட்டும் போயிருக்கிறார்கள். அகதியாக வந்த அம்மாவுக்கு அதன் பாரம் தெரியாதா? தெரிந்துதான் சொன்னார். ஏமாற்றியவள் மருமகளாம், ஏமாந்தவள் துரோகியாம்.

காரிலிருந்து எடுத்துவந்த கோட்டை அறையில் வைத்து மடிக்கப் போனாள். வெல்வெட் மடிப்புக்கு நிற்கவில்லை. தோளில் போட்டு உதறலாம் என்று மாட்டினாள். கை உள்ளே வழுக்கிக்கொண்டு போனது. பொத்தான் போட்டாள், இடுப்பு சரியாக வந்து உட்கார்ந்தது. பிரபாலினிக்கு வெடிக்கப் பார்த்த கோட்டு இவளுக்கு அளவெடுத்தது போல இருந்தது. கண்ணாடியில் பார்த்தாள். இரண்டு தோளும் நேராக நின்றன.

கவிசா வலது தோளை அழுத்திப் பார்த்தாள். உள்ளே பஞ்சுத் திண்டு இருந்தது.

கோட்டோடு குசினி வாசலில் போய் நின்றாள். "அம்மா, இராயப்புவுக்குச் சொன்னது ஆர்?"

மகாதேவி நிமிர்ந்து பார்த்தார். கோட்டையும் தோளையும் பார்த்தார். மா பிசைந்த கை நின்றது.

"அவளின்ர அளவெடுத்து அனுப்ப நேரம் இருக்கேல்லை" என்றார். "உன்ர அளவு அவரிட்டை இருந்தது. ரெண்டு பேரும் ஒரே உடம்புதானே எண்டு நினைச்சன்."

"உங்களுக்குத் தெரிஞ்சும் என்னை அங்க கதைக்க விட்டனீங்களோ?"

"விட்டது மட்டுமில்லைப் பிள்ளை. அவள் பயந்தாள், நடுவர் கேட்டா என்ன சொல்லுறது எண்டு அழுதாள். நான்தான் சொன்னன், நீ வாய் திறக்காத, கவிசாவைக் கதைக்க விடு எண்டு." அம்மாவின் குரலில் குற்ற உணர்வைத் தேடினாள் கவிசா. அங்கே இருந்தது பெருமை. "நான் வளத்த பிள்ளை. நீ சொன்னா ஆரும் நம்புவினம் எண்டு எனக்குத் தெரியாதே?"

கவிசா பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கோட்டைக் கதிரையில் போட்டாள். புட்டு அவிந்ததும் அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். பசி இல்லை என்றாள். அது அவள் சொன்ன முதல் பொய். அம்மா அதையும் நம்பினார்.