மாட்டுக்கு ஒரு வாய் பொங்கல்

இராசேஸ்வரி எத்தனை முறை சோப்புப் போட்டாலும் கையிலிருந்து சோயா வாடை போகாது. கிராஞ்சிப் பண்ணையில் நாற்பது மாடுகளுக்கும் தீவனம் அவள் பொறுப்பு. தோஃபு என்னும் சோயாக்கட்டி செய்யும் ஆலையில் சோயாப்பால் பிழிந்தபின் மிஞ்சும் சக்கையைக் காலையிலேயே லாரியில் ஏற்றி வந்துவிடுவாள். வெயில் ஏறினால் புளித்துவிடும். அதற்குள் நறுக்கிய புல்லோடு கலந்து தொட்டியில் கொட்டியாக வேண்டும். கப்பலில் வரும் மூட்டைத் தீவனம் பாதியாகக் குறைந்தது அவளால்தான்.

போன பொங்கலுக்கு லிட்டில் இந்தியாவில் கூடாரம் போட்டு மாடுகளைக் காட்சிக்குக் கட்டினார்கள். மூன்றாம் நாள் ஒரு பசு வயிறு உப்பிச் செத்தது. பழி சக்கைமேல் விழுந்தது. வந்தவர்கள் ஆளுக்கொரு கை சர்க்கரைப் பொங்கல் ஊட்டியதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

"இந்த வருஷமும் மாடு படுத்துச்சுன்னா சக்கையே வேணாம் அக்கா. மூட்டைத் தீவனம்தான்," என்று முதலாளி ரஞ்சன் சொல்லிவிட்டார்.

"அப்ப நானே கூடாரத்துல நிக்கிறேன்."

சக்கை வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். பொங்கல் டப்பாவைத் திறந்தவர்களை மூடச் சொன்னாள். பிள்ளை ஆசைப்படுகிறது என்றவர்கள் கையில் புல்லைத் திணித்தாள்.

மாட்டுப் பொங்கலன்று விழாக்குழுச் செயலாளர் ஏரம்பமூர்த்தி வெள்ளித்தட்டில் பொங்கலோடு வந்தார். பின்னால் முக்கிய விருந்தினர் ஒருவரும் கேமராக்காரரும்.

"கொஞ்சம் நகருங்கம்மா. ஒரு வாய்தான்."

"காலையிலேர்ந்து வந்த எல்லாரும் ஒரு வாய்தான்னாங்க சார்."

"இன்னைக்குக்கூட மாடு அந்த வாளியில இருக்கற குப்பையத்தான் திங்கணுமா?"

இராசேஸ்வரி குனிந்து சக்கையில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றாள்.

"காலையில பிழிஞ்ச சோயா சார் இது. உப்புப் போட்டா உங்களுக்கே பிடிக்கும். அரிசியும் வெல்லமும்தான் மாட்டு வயித்துல போய்ப் பொங்கும்."

விருந்தினர் சிரித்துவிட்டார். ஏரம்பமூர்த்திக்கு முகம் சிவந்தது. "உங்க முதலாளிகிட்டயே பேசுறேன்."

"பேசுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, நானும் கேக்கறேன்."

கைப்பேசியில் ரஞ்சன் இழுத்தார். "ஒரு வாய் விட்டுடுங்களேன் அக்கா, விஐபி வந்திருக்காரு லா..."

"விடுறேன். நாளைக்கு மாடு படுத்தா காரணம் பொங்கல்தான்னு இப்பவே சொல்லிடுங்க. இத்தனை பேரும் கேக்கட்டும். அப்புறம் சக்கைய இழுக்கக் கூடாது."

கேமரா கைப்பேசியின் பக்கம் திரும்பியது.

"வேணாம் சார்," என்றார் ரஞ்சன் கடைசியில். "போன வருஷமும் பொங்கல்தான். மாட்டு டாக்டர் அப்பவே சொன்னாரு. உங்க விழாக்குழு மனசு நோகக் கூடாதுன்னு நான்தான் வெளிய சொல்லல."

இராசேஸ்வரிக்குக் காது சூடேறியது. ஒரு வருஷம்! ஒரு வருஷமாகப் பண்ணையில் எல்லார் பேச்சையும் அவள் வாங்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நாளைக்குப் பேசலாம்..."

"நாளைக்கு எதுக்கு? இன்னொரு ஆலையிலயும் சக்கைய வீணாக் கொட்டுறாங்க. அதையும் எடுக்கப் போறேன். சரியா?"

"எடுங்க அக்கா."

"இத்தனை பேர் கேட்டாங்க, ஞாபகம் வெச்சுக்குங்க."

பிறகு ஒரு பிடி புல்லை எடுத்து ஏரம்பமூர்த்தியிடம் நீட்டினாள். "இத ஊட்டுங்க சார். போட்டோவுக்கும் பச்சையா நல்லா இருக்கும்."