என் படத்துக்குக் கீழே கண்ணீர் அஞ்சலி

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறேன். காலையில் கேட்டிலேயே எங்கள் போனை அணைத்து வாங்கி வைத்துவிடுவார்கள். வேலை முடிந்துதான் கைக்கு வரும்.

போன வாரம் அப்படி வாங்கித் திறந்தால், எங்கள் புத்த விகாரையின் வாட்ஸ்அப் குழுவில் என் படம். பக்கத்தில் எரியும் விளக்கு. கீழே ‘கண்ணீர் அஞ்சலி’. அதற்கும் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள்.

வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். என் குரலைக் கேட்டும், “யாருங்க பேசறது?” என்றார். “நான்தாங்க” என்றதும் ஓவென்று அழுதார். ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக என் உடலைத் தேடிக்கொண்டிருந்தாராம்.

படத்தைப் போட்டவர் மல்லிகா அக்கா. ஞாயிறுதோறும் விகாரையில் ‘பொய் பேச மாட்டேன்’ என்று அவர் சொல்லச் சொல்ல, நாங்கள் திருப்பிச் சொல்வோம். அவரைக் கேட்டால், “ஆக்சிடென்ட்னு ஒரு போட்டோ வந்துச்சு. மூஞ்சி தெரில, உங்க கம்பெனி யூனிபார்ம். உனக்கு அடிச்சா ஸ்விட்ச் ஆஃப். நீதான்னு நெனச்சிட்டேன்டி. நான் இன்னா பொய்யா சொன்னேன்?” என்கிறார்.

“கேட்ல போனை வாங்கிடுவாங்கன்னு ஊருக்கே தெரியுமேக்கா!” என்று கத்திவிட்டேன்.

அடிபட்டது வேறொரு பெண். நல்லவேளை, அவரும் பிழைத்துக்கொண்டார்.

தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்வதும் பொய்தான் என்று அன்றுதான் உறைத்தது. விசாரிக்காமல் கும்பிடு போடும் கூட்டத்தில் நானும் ஒருத்திதானே!

இப்போதெல்லாம் குழுவில் யாருக்காவது அஞ்சலி வந்தால், முதலில் அவருடைய எண்ணுக்கே அடிக்கிறேன். அவரே எடுத்துவிட்டால், “சாப்ட்டியா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.