வளைவில் நிற்கும் தாசையன்

வண்டிச் சத்தம் கேட்டதும் தாசையன் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, சிவப்புத் துணி கட்டிய மூங்கில் கம்பைத் தூக்குகிறார். "மாறு, மாறு" என்று ஒரு குரல் கொடுக்கிறார். நடந்து போகிறவர்கள் சுவரோடு ஒட்டிக்கொள்கிறார்கள். வண்டி இடப்பக்கமாக ஒதுங்கி வளைவைக் கடக்கிறது.

திருவனந்தபுரம் ஆரியசாலையில் எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கும் வளைவு அது. எதிரே வருவது தெரியாது. போன மழைக்காலத்தில் மூட்டை தூக்கும் ஒரு சுமட்டுக்காரரின் கால் சக்கரத்தில் சிக்கிய பிறகு, நகரசபையும் கடைக்காரர்களும் சேர்ந்து இவரை நிறுத்தினார்கள். சம்பளம் ஆளுக்குப் பாதி. தொப்பி நகரசபையுடையது, பெரிதாக இருப்பதால் காதில் உட்காருகிறது. தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது இவர் கம்பைப் பார்த்துத்தான்.

மாட்டுக்கு இவரிடம் மரியாதை உண்டு, வண்டிக்காரனுக்குக் கிடையாது. "நீரு நல்லவருதான் வேய், உமக்குப் பின்னால இருக்கவன்தான் சரியில்ல" என்று காளையிடம் சொல்வார். திட்டு வாங்கியவனும் சிரித்துவிடுவான்.

சென்ற வாரம் இந்த வேலை போய்விடும் போலிருந்தது. திருநெல்வேலியிலிருந்து முதல் தடவையாக மிளகாய் மூட்டையோடு வந்த வண்டி, இவர் கத்தியதும், இடப்பக்கம் ஒழுங்காக வந்துகொண்டிருந்ததை விட்டு வலப்பக்கம் திரும்பியது. எதிரே தேங்காய் வண்டி. நுகத்தடியோடு நுகத்தடி மோதியது. கீரை விற்கும் செல்லபாய் கூடையைப் போட்டுவிட்டுக் கடைக்குள் பாய்ந்ததால் பிழைத்தாள்.

ஆள் நின்றும் இப்படியென்றால் ஆள் எதற்கு என்றார்கள் கடைக்காரர்கள். அவர்கள் கைவிட்டால் நகரசபையும் கைவிடும். மறுநாள் நகரசபை ஓவர்சியர் வந்தார். மிளகாய் மண்டி தாணுலிங்கம் பிள்ளையின் கடை முன்னால் எல்லோரும் கூடினார்கள். தாசையன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வண்டிக்காரனை விசாரித்தார்கள்.

"மாறு மாறுன்னு இவருதான சொன்னாரு. அந்தப் பக்கம் மாறினேன்" என்றான்.

முதலில் சிரித்தது, கீரையெல்லாம் மிதிபடக் கொடுத்த செல்லபாய்தான். மலையாளம் கலந்து பேசும் எங்களுக்கு மாறு என்றால் விலகு. பாண்டி நாட்டிலிருந்து வந்த அவனுக்கு அது பக்கம் மாற்றிக்கொள். பிள்ளையும் ஓவர்சியரும் சிரித்து முடிக்க வெகு நேரமாயிற்று.

"பாண்டி வண்டி வந்தா ஒதுங்குன்னு சொல்லும் வேய். நீரு எங்கயும் போகாண்டாம்" என்றார் பிள்ளை.

இன்று காலை ஒரு புது வண்டி வளைவுக்கு வந்தது. எந்த ஊர் வண்டி என்று பார்த்தால் தெரியவில்லை. தாசையன் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு தெருவில் இறங்கி நடந்து, காளையின் நெற்றியில் உள்ளங்கையை வைத்து, மெல்ல இடப்பக்கமாகத் தள்ளினார்.