மாமாவின் தோளில் அக்கா

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பெரிய மாமாவின் வலது தோள் வேலைநிறுத்தம் செய்தது. திருவனந்தபுரத்தில் இது ஒரு செய்தியே அல்ல. ஊரில் எப்போதும் ஏதாவது ஒன்று வேலைநிறுத்தத்தில்தான் இருக்கும். கை மார்பு உயரம்வரை வரும். அதற்குமேல் பேச்சுவார்த்தைக்கே இடமில்லை. டாக்டர் அதற்கு ஓர் இங்கிலீஷ் பெயர் சொல்லி, மெல்லத்தான் சரியாகும் என்று அனுப்பிவிட்டார்.

மாமா பழகிக்கொண்டார். சட்டையில் முதலில் வராத கையை நுழைத்து, பிறகு வருகிற கையை விடுவார். சீப்பைத் தலைக்குக் கொண்டுபோக முடியாததால் தலையைச் சீப்புக்குக் கொண்டுபோவார். முதுகு அரித்தால், ஸ்ரீவராகம் பகுதியில் இருந்த எங்கள் பழைய வீட்டில் தூண்களுக்கா பஞ்சம்?

அந்த நேரம் பார்த்து அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்களவர் கல்யாணத்தில் மாலை மாற்றும்போது பெண்ணையும் பிள்ளையையும் அவரவர் தாய்மாமா தோளில் தூக்கிக்கொள்வார்கள். மாலை சுலபத்தில் விழாமல் போக்குக் காட்ட வேண்டும். சட்டென்று கழுத்தைக் கொடுப்பவர் தோற்றவர். சின்ன மாமா தூக்கட்டுமே என்று அம்மா மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

“நான் இருக்கச்சே அவன் எதுக்குடி? கைதானே உசராது. தோளு இருந்த எடத்துலேதான் இருக்கு, கேட்டியா” என்றார் பெரிய மாமா.

அக்கா தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து, இவள் கல்யாணத்தில் நான்தான் தூக்குவேன் என்று சொல்லிவந்தவர். தம்பிக்கு விட்டுக்கொடுப்பதைவிடக் கல்யாணத்தையே தள்ளிப்போடச் சொல்லியிருப்பார்.

மண்டபத்தில் அக்கா நாற்காலியில் ஏறி, அங்கிருந்து மாமாவின் இடது தோளுக்கு மாறினாள். இடது கை அவள் கால்களை அணைத்துக்கொண்டது. வலது கை கல்யாணத்துக்கு வந்த விருந்தாளி மாதிரி சும்மா இருந்தது. எதிரே பிள்ளையின் மாமா ஆறடி ஆள். அவர் எம்ப எம்ப மாப்பிள்ளை தோரணத்தில் இடித்துக்கொண்டார். விடாதே மாமா என்று நாங்கள் கத்தினோம். மாமாவும் குதிகாலை உயர்த்தினார். உடனே அக்கா குனிந்து கழுத்தை நீட்டிவிட்டாள். மூன்று முறையும் அப்படியே.

“பொண்ணுக்கு என்ன ஒரு அவசரம்” என்றாள் பிள்ளைவீட்டு அத்தை. மண்டபமே சிரித்தது.

தான் கல்தூண் மாதிரி நின்றதாகவும், பெண்தான் ஏமாந்துவிட்டதாகவும் மாமா பந்தியில் இலை இலையாகப் போய்ச் சொன்னார். அக்கா ஒரு வார்த்தை மறுக்கவில்லை. எனக்கோ மகா அவமானம். அவள் புக்ககம் புறப்பட்டபோதுகூட நான் முகம்கொடுத்துப் பேசவில்லை.

ஒரு தோள் நடுங்குவது அதன்மேல் உட்கார்ந்திருப்பவளுக்குத்தான் தெரியும் என்பது, கீழே நின்று கத்திக்கொண்டிருந்த எனக்குத் தெரியாது.