பழவேற்காட்டில் குழம்புக்குப் பறந்த ட்ரோன்

பல் செட் செய்கிற லேப்பில் எனக்கு வேலை. நாள் முழுக்க அரை அங்குலப் பல்லையே உற்றுப் பார்க்கிறவனுக்கு, உயரத்தில் இருந்து பெரிதாக எதையாவது பார்க்க ஆசை வருவது நியாயம்தானே? அதற்காக வாங்கிய ட்ரோன் ஆறு மாதமாக அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. "ஒண்ணு அதைப் பறக்க விடு, இல்ல வித்துடு" என்றாள் மனைவி. தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பழவேற்காட்டுக்குக் கிளம்பினேன்.

சென்ட்ரலில் காலை ஐந்தரை மணி வாக்கில் கும்மிடிப்பூண்டி லோக்கல். பொன்னேரிக்குப் பத்து ரூபாய், ஒரு மணி நேரம். ஸ்டேஷன் எதிரில் இரண்டு இட்லி, ஒரு வடை, டீ எல்லாம் சேர்த்து நாற்பத்தைந்து ரூபாய். வடை சுமார். அங்கிருந்து பழவேற்காடு பதினெட்டு கிலோமீட்டர், பஸ்ஸில் முக்கால் மணி நேரம். பிறகு தோணிரேவுக்கு ஆட்டோ, எண்பது ரூபாய். எட்டே முக்காலுக்கு ஏரிக்கரையில் நின்றேன்.

ட்ரோனோடு வருகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகாதீர்கள். என்னுடையது 590 கிராம். 250 கிராமுக்கு மேல், இரண்டு கிலோவுக்குள் இருப்பதை மைக்ரோ என்கிறார்கள். அதைப் பொழுதுபோக்குக்குப் பறக்கவிட, பதிவு எண்ணும் காப்பீடும் வேண்டும், பைலட் சான்றிதழ் வேண்டாம். அதே ட்ரோனை அதே இடத்தில் தொழிலுக்காகப் பறக்கவிட்டால் பயிற்சிப் பள்ளிக்குப் போய், தேர்வு எழுதி, சான்றிதழ் வாங்கியிருக்கவேண்டும். என்னிடம் பதிவு எண்ணும் காப்பீடும் இருக்கின்றன, சான்றிதழ் இல்லை. அப்புறம், இந்த ஏரி பறவைகள் சரணாலயம். கொஞ்சம் வடக்கே போனால் ராக்கெட் விடுகிற இடம், தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். எங்கே வேண்டுமானாலும் பறக்கவிட முடியாது. நான் கேட்கவேண்டிய இடங்களில் முன்னாலேயே கேட்டு, தண்ணீருக்கு மேல் போகமாட்டேன் என்று எழுதிக் கொடுத்து, கரை நிலத்துக்கு மட்டும் அனுமதி வாங்கியிருந்தேன். இதற்கே இரண்டு வாரம் ஆனது.

பெட்டியைத் திறந்து இறக்கைகளை மாட்டிக்கொண்டிருந்தபோது ஒருவர் வேகமாக வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், முழங்கால் வரை சேறு. பெயர் முனுசாமி என்று பிறகு தெரிந்தது.

"சார், இது மேல போய் பாக்குமா?"

"பாக்கும்ணா. இன்னா விஷயம்?"

"என் படகைக் காணோம். வலை அதுலதான் கீது. சாயங்காலம் எனக்குப் பாடு."

இந்த ஏரியில் எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை கட்டலாம் என்பதற்கு ஊருக்குள் ஒரு முறை இருக்கிறது. அந்த முறைதான் பாடு. முனுசாமிக்கு அன்று கிடைத்தது இறால் நன்றாக வரும் இடம். அன்று விட்டால் மறுபடி அந்த இடம் அவருக்கு வர இருபது நாள் ஆகும். ராத்திரி அடித்த வாடைக்காற்றில் கயிறு அவிழ்ந்து, இன்ஜின் இல்லாத அந்தச் சின்னப் படகு வலையோடு போய்விட்டிருந்தது. விடியற்காலையில் இருந்து கரையோரமாகத் தேடுகிறார். கரை முழுக்கச் சீமைக் கருவேலம். கீழே நின்று பார்த்தால் பத்து அடிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது.

எனக்குள் உடனே ஒரு வக்கீல் எழுந்து நின்றார். அடுத்தவர் தொழிலுக்கு உதவினால் அது பொழுதுபோக்கா, தொழிலா? காசு வாங்கவில்லை, தொலைந்த பொருளைத் தேடுகிறோம், அவ்வளவுதான் என்று அவரை உட்காரவைத்துவிட்டு ட்ரோனை மேலே அனுப்பினேன்.

அறுபது மீட்டர் உயரத்தில் நிறுத்திக் கேமராவைத் தெற்கே சாய்த்தேன். முனுசாமி திரையோடு ஒட்டிக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் அந்தாண்ட வுடு சார். தண்ணி மேல போனா நல்லா தெரியுமே."

"தண்ணி மேல போகமாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கேன்ணா."

அவர் முகம் சுருங்கியது. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் கரை நிலத்தை விட்டு நகரவில்லை. இன்னும் இருபது மீட்டர் ஏற்றி, முட்செடிகளின் மேலாகவே மெதுவாகத் தெற்கே நகர்த்தினேன். பேட்டரி முப்பத்தெட்டு சதவீதம் காட்டியபோது, கரை உள்வாங்கி வளைகிற இடத்தில் புதருக்குள் நீலமாக ஒரு மூலை தெரிந்தது.

"அதான்! என் படகுதான்! வலை கீதா பாரு, வலை கீதா?"

வலை இருந்தது. அந்த மனிதர் என் தோளைப் பிடித்து உலுக்கிய உலுக்கில் ட்ரோன் கீழே விழாமல் திரும்பி வந்தது பெரிய விஷயம். சொல்லவே வேண்டாம், எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனவர், பதினொன்றரைக்குப் படகைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

இதையெல்லாம் ஐஸ் பெட்டி கட்டிய பைக்கில் சாய்ந்தபடி ஒரு மீன் வியாபாரி பார்த்துக்கொண்டிருந்தார். என் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டவர், பிறகு விஷயத்துக்கு வந்தார். "வாராவாரம் வந்து காலைல ஒரு ரவுண்டு வுடு சார். மீன் எங்க கூட்டமா நிக்குதுனு சொன்னா போதும். சாப்பாடு போட்டு ஆயிர ரூபா தரேன்."

உண்மையைச் சொல்கிறேன், மனதுக்குள் ஒரு புது பேட்டரி வாங்கிவிட்டேன். அப்புறம் தொழிலுக்குப் பறக்கவிடச் சான்றிதழ் வேண்டும், ஏரிக்கு மேல் அனுமதியும் இல்லை என்று விளக்கினேன்.

"இப்ப வுட்டியே, அது மட்டும் இன்னாவாம்?" என்றார்.

படகைக் கட்டிக்கொண்டிருந்த முனுசாமி நிமிரவே இல்லை, பதில் மட்டும் சொன்னார்.

"அது குழம்புக்கு. நீ கேக்கறது கூடைக்கு."

என்னவென்று கேட்டேன். அடுத்தவருக்குப் பாடு வருகிற நாளில், அவர் இடத்தில், இன்னொருவர் வந்து கைவலை வீசினால் ஊரில் சண்டைதான். ஆனால் வீட்டுக் குழம்புக்கு வீசினால் யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். அதே மீனைக் கூடையில் போட்டு விற்கக் கொண்டுபோனால் பஞ்சாயத்து. வலையும் ஒன்று, ஆளும் ஒன்று, எதற்கு வீசினான் என்பதுதான் வித்தியாசம். விதிகளைப் பலமுறை படித்தும் எனக்கு இவ்வளவு தெளிவாகப் புரிந்ததில்லை.

"வீசறவன் குழம்புக்குத்தான்னு பொய் சொன்னா?"

"அவன் வூட்டுச் சட்டி எம்மாம் பெருசுனு ஊருக்கே தெரியும் சார்."

கிளம்பும்போது முனுசாமி, பக்கத்துப் படகில் கேட்டு வாங்கி, ஒரு பை நிறைய மடவை மீன் கொண்டுவந்து நீட்டினார். என் வக்கீல் மறுபடி எழுந்துவிட்டார். இதை வாங்கினால் கூலி ஆகிவிடாதா? "வேணாம்ணா" என்று கையை இழுத்துக்கொண்டேன். அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

"வூட்ல எத்தினி பேரு?"

"ரெண்டு பேரு."

பையில் கைவிட்டு எட்டு மீனை எடுத்து வெளியே வைத்தார். மீதி இரண்டை என் கையில் திணித்தார். வாங்கிக்கொண்டேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். எங்கே பறக்கவிடலாம் என்பதைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டும் வான்வெளி வரைபடத்தைக் கிளம்புகிற அன்று காலை மறுபடி பாருங்கள், நிறம் மாறும். விதிகளும் மாறும், நான் எழுதியதை நம்பி நிற்காதீர்கள். பறவை உட்கார்ந்திருக்கும் பக்கம் ட்ரோனைத் திருப்பவே வேண்டாம். கரையில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே ஏற்றுங்கள். காலை ஒன்பது மணிக்கு மேல் காற்று கூடும். குடிதண்ணீர் கொண்டுபோங்கள். ட்ரோன் இல்லாமல் போனாலும் ஊர் நன்றாகத்தான் இருக்கும்.

அந்த இரண்டு மடவையும் எங்கள் சட்டிக்குச் சரியாக இருந்தது. பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கக்கூட மிஞ்சவில்லை. ஞாயிறு காலை வியாபாரி போன் செய்தார். முனுசாமிக்கு இறால் நன்றாக விழுந்ததாம், அதை இவர்தான் விலைக்கு எடுத்தாராம். "அடுத்த வாரம் வரியா சார்? ஆயிரத்தி ஐநூறு."

விதி, சான்றிதழ், எடை என்று மறுபடி ஆரம்பிக்க வாயெடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

"எங்க வூட்டுச் சட்டி சின்னதுண்ணா."

"செரி சார்" என்று உடனே வைத்துவிட்டார்.