நாக்கில் வைத்த மிளகு

எங்கள் பக்கம் மிளகு விளையாது. உப்புக்காற்று அடிக்கிற இந்த மண்ணில் விளைவது குண்டு மிளகாய்தான். மிளகுக் கொடியை நான் இன்றுவரை கண்ணால் பார்த்ததில்லை. மலையில் மரத்தைக் கட்டிக்கொண்டு ஏறுமாம், பச்சையாகச் சரம் சரமாகத் தொங்குமாம். கேட்கும்போதே எனக்குக் கண் சொக்கும். மிளகாய் கப்பலேறி வரும்வரை காரம் என்றாலே மிளகுதானாம். பின்னால் வந்தது பேரையும் அதனிடமிருந்தே எடுத்துக்கொண்டது.

மிளகாய் எங்களுக்குச் சோறு போடும், மிளகு மருந்து. சளிக்கு வெற்றிலையில் மடித்துத் தருவோம். தலைவலிக்கு ஊசியில் குத்தி, விளக்கில் சுட்டு, புகையை இழுப்போம். பாம்பு கடித்தால் மென்று பார்க்கச் சொல்வோம். காரம் தெரிந்தால் விஷம் ஏறவில்லை, சப்பென்றிருந்தால் ஏறிவிட்டது என்று அப்போது எல்லோரும் நம்பினோம்.

எனக்குக் கல்யாணமான வருஷம், மாசி மாதம். தேவிபட்டினத்துக்கு மேற்கே எங்கள் கொல்லையில் நானும் என் வீட்டுக்காரரும் அத்தையும், அதாவது என் மாமியாரும், விடிந்ததிலிருந்து மிளகாய்ப் பழம் பறித்துக்கொண்டிருந்தோம். காம்பு கிள்ளிக் கிள்ளி என் விரலெல்லாம் காந்தியது. உச்சி வெயிலில் களம் முழுக்கச் சிவப்பாகக் காய்ந்துகொண்டிருந்தது. அந்த நெடியில் பாதித் தூக்கம் எனக்கு. வரப்பில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் "ஆத்தீ!" என்று காலை உதறியதைக்கூடக் கனவென்றுதான் நினைத்தேன். சருகுக்குள் ஏதோ நெளிந்து போனது. என்ன பாம்பென்று யாரும் பார்க்கவில்லை.

அத்தை சுருக்குப்பையிலிருந்து மிளகை எடுத்து என் உள்ளங்கையில் கொட்டினார். "அவன் வாயில போடுத்தா, வெரசா!"

அவர் நாக்கில் வைத்தேன். மென்றார். "எரியுது. நல்லாவே எரியுது."

"அப்பாடா! வெறுங்கடிதான்" என்று அத்தை பெருமூச்சு விட்டார். "செத்த நேரம் நெழல்ல படுய்யா."

வேப்பமரத்தடியில் படுத்தார். அத்தை பழம் பறிக்கப் போய்விட்டார். எனக்குப் போக மனமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவர் நெற்றி வியர்வையை விரலால் வழித்துவிட்டேன்.

"ஸ்ஸ்... காந்துதே!" என்று முகத்தைத் திருப்பினார்.

அடிப்பாவி! அப்போது நாக்கில் எரிந்தது மிளகில்லை, என் விரலில் இருந்த மிளகாய்!

வாயைக் கொப்பளிக்க வைத்தேன். அத்தை போட்டுவிட்டுப் போன பையை எடுத்து, மீதி மிளகைக் கை படாமல் அப்படியே அவர் வாயில் கவிழ்த்தேன். "தெரியுதா? சொல்லுங்களேன், காரம் தெரியுதா?"

"மண்ணு மாதிரி இருக்கு" என்றார் சிரித்தபடி. இமை பாதி இறங்கியிருந்தது.

நான் போட்ட கூச்சலில் ரோட்டில் போன மீன் வண்டி நின்றது. அத்தை டிரைவர் பக்கத்தில் ஏறினார். பின்னால் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே அவரைக் கிடத்தி, தலையை மடியில் வைத்துக்கொண்டேன். ஐஸ் உருகி எங்களைச் சுற்றித் தண்ணீர் ஓடியது.

"கடல்லயா போறோம்?" என்றார் குழறி.

"ஆமாங்க, கடல்லதான் போறோம். தூங்கிறாதீங்க."

உப்பளமும் கருவேலமும் மிதந்து மிதந்து பின்னால் போயின. வண்டி நகர்கிறதா, நிற்கிறதா என்றே புரியவில்லை. இவர் போய்விட்டால் நானும் இந்தத் தண்ணீரோடு கரைந்துவிட வேண்டும் என்று தோன்றியது. இந்த மனிதரை எனக்கு இவ்வளவு பிடிக்கும் என்பது அங்கேதான் எனக்கே தெரிந்தது.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் ஊசிக்கு மேல் ஊசி போட்டார்கள். மறுநாள் மத்தியானம் கண் திறந்தார். உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"களத்துல கெடக்குற பழத்த அள்ளியாச்சா?"

வந்ததே எனக்கு ஆங்காரம்! அதுவரை 'வாங்க, போங்க' தவிர அவரிடம் வேறு பேசி அறியாதவள் நான்.

"ஏலே! நீ இல்லாம அதை அள்ளி நான் என்னலே செய்ய?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டேன்.

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கட்டிலில் கிடந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொருக்கா கூப்புடு" என்றார்.