வார்டில் தங்கும் நாளுக்கு மட்டும்

“அண்ணனின் காப்புறுதி விடயமாக அண்ணியுடன் ஹட்டன் போனேன். மழை.” கடந்த ஆகஸ்ட் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றுக்கு என் நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது. அன்று எழுத முடியாததை இப்போது எழுதுகிறேன்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அண்ணன் லிந்துலையில், தேயிலைத் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டில் படுக்கையாகக் கிடக்கிறார். அவரைப் பார்த்துக்கொள்வதற்காக அண்ணி கொழுந்து எடுக்கப் போவதை நிறுத்தியிருந்தார். வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்யாவிட்டால் நிர்வாகம் வீட்டைத் திருப்பிக் கேட்குமோ என்ற பயம் வேறு. காப்புறுதிப் பணத்தில் பகலுக்கு ஓர் ஆள் வைக்கலாம் என்று நம்பிப் போனோம்.

காப்புறுதி அலுவலகத்துப் பெண் பொறுமையாகவே விளக்கினார். “ஆஸ்பத்திரி வார்டுல தங்குற நாளுக்குத்தான் காசு வருங்க. வீட்டுல வச்சுப் பாக்குறதுக்கு இல்லீங்க.”

“அப்ப ராத்திரிக்கு வார்டுல படுக்கப் போட்டுட்டு, விடிஞ்சதும் தூக்கிட்டு வரவா மிஸ்?” என்றார் அண்ணி.

அந்தப் பெண் சிரித்துவிட்டார். அண்ணி சிரிக்காததைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார். நான் காப்புறுதிப் பத்திரத்தை வாங்கி மறுபடி வாசித்தேன். ஒவ்வொரு வரியும் புரிந்தது. எதையும் வாசித்துப் புரிந்துகொண்டால் வழி பிறக்கும் என்று அதுவரை நம்பியிருந்தவன் நான்.

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணி சொன்னார்: “திங்கக்கிழமையிலருந்து வேலைக்குப் போறேன் தம்பி. கதவத் தொறந்து வச்சிட்டுப் போறேன். கூப்பிட்டா பக்கத்துக் காம்பராவுல இருக்கவங்களுக்குக் கேக்கும்.”

அண்ணனுக்குப் பேச்சு வராது என்பதை நாங்கள் இருவருமே சொல்லவில்லை.

அந்தப் பத்திரத்தோடு உடல் இயலாமைக்குப் பணம் தரும் தனி இணைப்பு ஒன்றும் இருந்திருக்கலாம் என்று பின்னர் ஒருவர் சொன்னார். அப்படி ஒன்று இருக்கிறதா என்பதை இதை எழுதும்வரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.